மூணாம் தண்ணிக்குப் பிறகு

ஆவுடைத்தங்கத்துக்குக் கடைசி மருந்தை ஏற்றி முடித்த செவ்வாய்க்கிழமை, ஆறு மாதமாக அவள் படுக்கைக்குப் பக்கத்தில் நின்ற குளுக்கோஸ் கம்பி, ஐந்து சக்கரத்தில் ஒன்று கீச்சுக் கீச்சென்று கத்த, வார்டைத் தாண்டி, மருந்து வாங்குகிறவர்களின் வரிசையைத் தாண்டி, வாசலில் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனைத் தாண்டி, அவள் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நொச்சிக்குளம் பஸ்ஸுக்காக நின்றது. அவள் வீட்டுக்காரர் நம்பிராசன் முதலில், யாரோ அதைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தார். தள்ளுவதற்கு ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு, இவ்வளவு கூட்டத்தில் இதை எங்கே நிறுத்துவது என்று யோசித்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் அல்லவா, அவருக்கு எந்தச் சாமானைப் பார்த்தாலும் அந்தக் கவலைதான் முதலில் வரும்.

கண்டக்டருக்கு வேறு கவலை. "பொம்பளைன்னா டிக்கெட் கெடையாது. ஆம்பளைன்னா டிக்கெட் உண்டு. லக்கேஜுன்னா அதுக்குத் தனி. இது எதுல சேத்திவே?" என்று நம்பிராசனிடம் கேட்டார்.

பின் சீட்டிலிருந்து ஒரு அம்மாள், "ஆறு மாசமா ஒருத்தி பக்கத்துல உக்காராம நின்னுருக்கு. ஆம்பள நிப்பானா? பொம்பளதான்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நம்பிராசன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கண்டக்டர் கட்டணமில்லாத டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கம்பியின் கொக்கியில் குத்திவிட்டு, "யாரு பேஷண்டு? இடம் கொடுங்கம்மா" என்றார். அந்த அம்மாள் எழுந்தாள். ஆவுடை, "இல்ல, எனக்கு எல்லாம் முடிஞ்சுட்டு" என்றாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். முடிந்துவிட்டது என்று சொன்ன ஆவுடைக்கோ கால் இரண்டும் நடுங்கின. ஒரு கையால் மேலே கம்பியையும் இன்னொரு கையால் தன்னோடு வந்த கம்பியையும் பிடித்துக்கொண்டு, தான் உட்கார வேண்டியவளா நிற்க வேண்டியவளா என்று தெரியாமல் நொச்சிக்குளம் வரைக்கும் நின்றே வந்தாள். அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம் அது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் அவள் இடுப்பு மடிப்பில் செருகியிருந்தது. காலையில் ஜெபக்கனி சிஸ்டர் கொடுத்த தாள். பதினாலு கட்டம் போட்டது. முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு கட்டம், அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தேதி, எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், என்ன பரிசோதனை. அடியில், தினம் ஒரு மாத்திரை அஞ்சு வருஷத்துக்கு என்றும், வலது கை பத்திரம், கனம் தூக்கக் கூடாது, வீக்கம் தெரிந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் வரவும் என்றும் பேனாவால் எழுதியிருந்தது. வலது மார்பை எடுத்தபோது கக்கத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். சிஸ்டர் இதையெல்லாம் சொல்லும்போது பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஆவுடை, "அப்ப எனக்குக் கொணமாயிட்டா சிஸ்டர்?" என்று கேட்டாள். சிஸ்டர், "வைத்தியம் முடிஞ்சுட்டும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கேட்டது ஒன்று, கிடைத்த பதில் வேறொன்று என்பது ஆவுடைக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. இறங்கியதும் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அஞ்சு வருஷத்துக்குப் பிறகு தனக்கு என்ன என்று அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

அவர்கள் குடியிருந்தது பீடி சுற்றுகிற தெரு. வீட்டுக்கு வீடு வாசல்படியில் ஒருத்தி மடியில் சொளவு என்று சொல்கிற முறத்தை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை அள்ளி, சுருட்டி, மடக்கி, கட்டிக்கொண்டிருப்பாள். கை அதன் வேலையைப் பார்க்கும், வாய் அதன் வேலையைப் பார்க்கும். எல்லா வாய்க்கும் தலைவாய் பேச்சித்தாய். அந்தத் தெருவில் யாருக்கு அம்மை போட்டாலும் வேப்பிலை கட்டுவது அவள், அம்மா இறங்கியதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது அவள், மூன்று தண்ணி ஊற்றுவது அவள். ஆவுடைக்கு ஒன்றுவிட்ட முறையில் மதினி. தெருவுக்குள் கீச்சிட்டுக்கொண்டு நுழைந்த கம்பியைப் பேச்சித்தாய் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்குச் சாப்பாடு என்னளா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பாடு எதுவும் இல்லை என்று தெரிந்ததும், "அப்ப ஒண்ணும் பாரமில்ல, கெடக்கட்டும்" என்று சொளவைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

நம்பிராசன் இரண்டு தடவை அதை லோடு ஆட்டோவில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எங்களுடையதெல்லாம் எங்களிடமே இருக்கிறது, இது எங்களுடையதில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவையும் அவர் வீடு திரும்புவதற்குள் அது வேறு பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றது. அதற்குப் பிறகு தெரு அதைத் தன் பாட்டுக்குப் பழக்கிக்கொண்டது. பூக்காரி பூச்சரத்தை அதில் மாட்டினாள், பால்காரர் பைகளை மாட்டினார், மழை வந்தால் காயப்போட்ட இலைக்கட்டெல்லாம் அதில் ஏறியது, கல்யாண வீட்டில் பந்தல் விளக்குக்கு ஒரு கால் குறைந்தால் வந்து அதைக் கூட்டிப்போனார்கள். யார் கூப்பிட்டாலும் போகும். ஆனால் ஆவுடை நடமாடத் தொடங்கினால் மாட்டிய பூவோடும் பாலோடும் அவள் பின்னால் வந்துவிடும். "ஆவுட எங்கயாம் போறதுன்னா சொல்லிட்டுப் போ, பால் போவுது" என்று தெருவில் சத்தம் கேட்கும்.

பத்தாம் நாள் பேச்சித்தாய் ஒரு முடிவு சொன்னாள். "அவ மேல இருந்தது எதுன்னு நான் வாயால சொல்ல மாட்டேன். எதுவா இருந்தாலும் வந்தது எறங்கியாச்சு. எறங்குனவளுக்குத் தண்ணி ஊத்தாம விடலாமா? விட்டா நாம மனுசங்களா?"

அம்மைக்குச் செய்வதை இதற்கும் செய்தார்கள். வேறு எப்படி முடிப்பது என்று அந்தத் தெருவுக்குத் தெரியாது. பித்தளை அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, உச்சிவரை வெயிலில் காயவைத்த தண்ணீரை, ஒன்றுவிட்டு ஒரு நாளாக மூன்று நாள், அப்போதுதான் பூனை முடிபோல முளைத்திருந்த அவள் தலையில் பேச்சித்தாய் ஊற்றினாள். வரிசையாக மற்றப் பெண்களும் ஆளுக்கொரு செம்பு ஊற்றினார்கள். ஆறு மாதமாகத் தள்ளி நின்று நலம் கேட்ட கைகள் எல்லாம் அன்றைக்குத்தான் அவள் முதுகைத் தேய்த்தன. ஆவுடை அழுதாள். இவ்வளவு பிரியத்தை இவர்கள் எங்கே வைத்திருந்தார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. மூணாம் தண்ணி முடிந்து கூழ் ஊற்றிய பிறகு பேச்சித்தாய் எல்லோருக்கும் சொன்னாள்: இனி அதன் பேரை யாரும் எடுக்கக் கூடாது. மூணாம் தண்ணிக்குப் பிறகு பேரைச் சொன்னால், போனதை வா என்று கூப்பிட்டதாக ஆகும்.

அங்கேதான் வந்தது வினை. கிணற்றைத் தாண்டியாயிற்று என்று ஊரே சொல்ல, ஆவுடைக்கு மட்டும் பாதிக் கிணற்றுக்கு மேலே நிற்பதுபோல இருந்தது. தினம் விழுங்கும் மாத்திரையைச் சத்து மாத்திரை என்றாள். நாலு கட்டுப் பீடி சுற்றுவதற்குள் உடம்பு கழன்று விழுவதை, வெக்கை என்றாள். இருமினால் அதுவோ, இடுப்பு வலித்தால் அதுவோ, தலை கிறுகிறுத்தால் அதுவோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், யாரிடம் கேட்பது? "இனி உனக்கென்னளா" என்று ஒவ்வொருத்தியும் சொல்லிவிட்டுப் போனார்கள். நல்லாயிருக்கிறவள் என்றால் ஏன் பதினாலு கட்டம், நோயாளி என்றால் ஏன் மூன்று தண்ணி என்று அவளே தன்னைக் கேட்டு, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தாள். கம்பியும் கூடவே நடந்தது.

வைகாசி முடியும்போது வலது கை வீங்கத் தொடங்கியது. முதலில் வளையல் இறுகியது. சோப்புப் போட்டுக் கழற்றினாள். பிறகு ரவிக்கைக் கை இறுகியது. தையலைப் பிரித்து விட்டுக்கொண்டாள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. இலையை மடக்கும் பெருவிரல் சொன்னபடி கேட்கவில்லை. முந்தானையை வலது தோளில் சுற்றி மறைத்துக்கொண்டு, கை கடுப்பதைக் கம்பியிடம் மட்டும் காட்டினாள். அதன் கொக்கி எப்போதும்போல மேலேயே இருந்தது. ஆனால் அது அன்றிலிருந்து அவளுக்கு வலது பக்கமாகவே வந்து நின்றது. அந்தப் பக்கமாக யாரும் இடித்துவிட்டுப் போக முடியவில்லை.

சிஸ்டர் கொடுத்த தாளை அவள் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கம்பியின் கொக்கியில்தான் மாட்டி வைத்திருந்தாள். வீட்டுக்குள் வைத்தால் போனதை உள்ளே கூப்பிட்டதாக ஆகிவிடுமோ என்று பயம்; தூக்கிப் போடவும் பயம். அதைப் பார்த்துவிட்டு முதலில் ஒருத்தி தன் மகளின் பரீட்சை ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து மாட்டினாள். மகள் பாஸானாள். அப்புறம் கேட்க வேண்டுமா! ஜாதகம் வந்தது, பட்டாவுக்கு எழுதிய மனு வந்தது, துபாய்க்குப் போக வேண்டியவனின் பாஸ்போர்ட் நகல் வந்தது, மருமகள் கோபித்துக்கொண்டு போன வீட்டிலிருந்து அவள் போட்டோ வந்தது. பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை. நடந்ததைத் தெரு நினைவில் வைத்துக்கொண்டது, நடக்காததை மாட்டியவர்களின் நேரம் என்றது. கம்பி இப்போது காகிதம் காய்த்த மரம்போல ஆடி ஆடி வந்தது. ஆவுடையின் தாள் எல்லாவற்றுக்கும் அடியில் போய்விட்டது. ஆனால் முதல் கட்டத்துத் தேதி அவளுக்கு மனப்பாடம். ஜூலை இருபத்திரண்டு, செவ்வாய்.

அந்தச் சமயத்தில்தான் கம்பி வேறொரு வேலை செய்தது. விடிந்து பார்த்தால் அது ஆவுடை வீட்டு வாசலில் இல்லை, எதிர்வீட்டுப் பேச்சித்தாய் வாசலில் நின்றது. ஆவுடை கூப்பிட்டால் வரும். மறுநாள் விடிந்தால் மறுபடி அங்கே. பேச்சித்தாய் முதல் நாள் சிரித்தாள், இரண்டாம் நாள் விளக்குமாற்றால் தள்ளினாள், மூன்றாம் நாள் அதன் சக்கரத்தில் சாணித் தண்ணியை ஊற்றினாள். எட்டாம் நாள் அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"எறங்கினது ஊர விட்டுப் போவலளா. தண்ணி ஊத்தினோம், வழியனுப்பினோமா? அதான் வீடு வீடா வேவு பாக்கு" என்று நடுத்தெருவில் நின்று கத்தினாள். "ஆடி பொறந்து மொத செவ்வாய், எல்லையில கொண்டு விட்டுறணும். மேளத்துக்குச் சொல்லுங்க."

ஆடி பிறந்து முதல் செவ்வாய் என்றால் ஜூலை இருபத்திரண்டு.

ஆவுடை நம்பிராசனிடம் சொல்லிப் பார்த்தாள். "இங்கேருங்க, அன்னைக்கி நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும். தாள்ல போட்டிருக்கு."

அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தண்ணி ஊத்தியாச்சு. திரும்பப் போனா தெரு என்ன சொல்லும்? நம்மள ஒதுக்கி வச்சு ஆறு மாசம் இருந்தாச்சு, இப்பதான் சேத்திருக்காவ. வழியனுப்பு முடியட்டும், பொறவு பாப்போம்."

"தெருவுக்காகச் சொல்லுதீயளா, உங்களுக்காகச் சொல்லுதீயளா?"

துணியைக் கீழே வைத்தார். "பயமாருக்கு ஆவுட. அந்த வாசல மிதிச்சா என்ன சொல்லிருவாவளோன்னு எனக்குக் ஈரக்கொலையெல்லாம் நடுங்குது. முடிஞ்சுட்டுன்னு சொன்னாவள்லா, அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு நான் ஓட்டிட்டு இருக்கேன். அதையும் புடுங்கிறாத."

அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் ஒன்றையும் காட்ட முடியாமல் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பியைக் கழுவி, மஞ்சள் பூசி, மஞ்சள் துணி சுற்றி, தலையில் வேப்பிலைக் கொத்துக் கட்டினார்கள். வழியனுப்பும் பொருளோடு தங்கள் காரியம் எதுவும் போய்விடக் கூடாதே! ஹால் டிக்கெட்காரி தன் தாளை எடுத்துக்கொண்டாள், ஜாதகக்காரர் ஜாதகத்தை எடுத்துக்கொண்டார், மருமகள் போட்டோவையும் எடுத்தாயிற்று. ஒவ்வொன்றாக உரித்து முடித்தபோது அடியில் ஒரே ஒரு பிளாஸ்டிக் உறை மிச்சமிருந்தது.

"இது யாருது?" என்று பேச்சித்தாய் அதைத் தூக்கிக் காட்டினாள்.

ஆவுடை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். தன் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். பேச்சித்தாய்க்குப் படிக்கத் தெரியாது என்பதும் தெரியும். இரண்டாம் முறை கேட்டபோது ஆவுடை தரையைப் பார்த்தாள். "அப்ப போறதோட போவட்டும்" என்று பேச்சித்தாய் உறையைக் கொக்கியிலேயே விட்டுவிட்டாள். பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொன்னவள்போல ஆவுடை அதன் பக்கமே பார்க்காமல் நின்றாள்.

மேளம் முழங்கத் தெரு முழுவதும் நடந்தது. நொச்சிக்குளத்துக்கு எல்லை என்பது பாலம். பாலத்தைத் தாண்டியதும் பஸ் நிற்குமிடம். பாலத்துக்கு அந்தப்புறம் கம்பியை நிறுத்தி, கூழ் ஊற்றி, எலுமிச்சம்பழம் அறுத்து நாலு திசைக்கும் வீசிவிட்டு, பேச்சித்தாய் சொன்னாள்: "எல்லாரும் நேரே நடங்க. யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அது பின்னாலயே வந்துரும்."

நடந்தார்கள். ஆவுடையும் நடந்தாள். கீச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பத்து அடி பார்த்தாள், இருபது அடி பார்த்தாள். கேட்கவில்லை. மூன்று மாதமாகக் கேட்டு அலுத்துப்போன அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்குக் காது அடைத்ததுபோல ஆயிற்று. முந்தானைக்குள் கை விண்ணென்று தெறித்தது. வீங்கினால் காத்திருக்காமல் வரவும் என்று எழுதிய பேனாக் கையெழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. போனால் என்ன சொல்வார்களோ, போகாவிட்டால் என்ன ஆகுமோ, எந்தப் பயம் பெரிது என்று நிறுத்துப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலே திரும்பிப் பார்த்தாள்.

மேளம் நின்றது.

கம்பி அவள் பின்னால் வரவில்லை. நடுரோட்டில் விட்டுவந்த இடத்திலும் இல்லை. ஓரமாக உருண்டு போய், கூடையோடு நின்ற இரண்டு பெண்களுக்குப் பின்னால், வேப்பிலைக் கொண்டையும் மஞ்சள் துணியுமாகப் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கொக்கியில் அவள் தாள் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டாளே பாவி!" என்று யாரோ அலறினார்கள். ஆவுடை பாலத்தை நோக்கி நடந்தாள். நம்பிராசன் ஒரு அடி முன்னால் வைத்து, வைத்த அடியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பேச்சித்தாய்தான் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடிவந்தாள். "ஏளா கிறுக்கி! ஊரையே கெடுக்கணும்னு நெனைக்கியா? போனத ஏன் கூப்பிடுத?"

ஆவுடை தோளிலிருந்த முந்தானையை இறக்கினாள். வலது கை, தோளிலிருந்து விரல்வரை, வேறு யாருடைய கையோபோல உப்பிக் கிடந்தது.

"போவல மதினி. போச்சா இருக்கான்னே எனக்குத் தெரியல. எனக்கு வந்தது அம்மை இல்ல. கேன்சர்." நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா? வேகவில்லை. அவள் இன்னொரு முறை சத்தமாகவே சொன்னாள். "கேன்சர். அதுக்கு மூணு தண்ணி காணாது போலருக்கு."

பஸ் வந்து நின்றது. கம்பி ஏறியது. பேச்சித்தாய் அதைத் தடுக்கத்தான் கொக்கியைப் பிடித்தாள், அப்படித்தான் தெருக்காரர்கள் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கம்பி ஏறி, ஆவுடை ஏறி, விசில் கொடுத்த பிறகும் அவள் கொக்கியை விடவில்லை. படியில் காலை வைத்து அவளும் ஏறிவிட்டாள்.

அதே கண்டக்டர். "அந்தப் பொம்பளையா? சடங்கானது மாதிரில்லா சோடிச்சிருக்கு" என்று டிக்கெட்டைக் கிழித்தார். "பேஷண்டு யாரு? இடம் கொடுங்கம்மா."

ஆவுடை இந்த முறை, "நான்" என்றாள். ஒரு இடம் கிடைத்தது.

கொஞ்ச நேரம் பேச்சித்தாய் கம்பியைப் பிடித்தபடி வெளியே பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளை கையைத் தூக்குவதுபோலக் கையைத் தூக்கி, "இங்க இன்னொரு ஆளும் உண்டு" என்றாள்.

ஆவுடை நகர்ந்து இடம் கொடுத்தாள். பேச்சித்தாய் அவள் காதில் சொன்னாள். "தையிலருந்து இருக்கு. எடது பக்கம். மொதல்ல பட்டாணி மாதிரி, இப்ப நெல்லிக்கா மாதிரி. வலியே இல்ல, அதான் சும்மா கெடக்கட்டும்னு விட்டேன். பொறவு ஒரு நாள் கதவச் சாத்திக்கிட்டு நானே எனக்கு மூணு தண்ணியும் ஊத்திப் பாத்தேன்ளா. எறங்கல." தெருவுக்கே தண்ணி ஊற்றிய அந்தக் கை, ஆவுடையின் வீங்கிய கையைத் தேடிப் பிடித்து, பிடித்தால் வலிக்குமோ என்று உடனே விட்டது. ஆவுடை இடது கையைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி வரை இருவரும் அப்படியே போனார்கள்.

ஜெபக்கனி சிஸ்டர் கம்பியைப் பார்த்து, "வந்துட்டியா" என்றார், ஆவுடையைப் பார்த்துச் சொன்னதுபோலவும் இருந்தது. டேப்பால் கையை நாலு இடத்தில் அளந்து எழுதினார். வைதார். இது நெறியை எடுத்ததால் நீர் கட்டுவது, துணி சுற்றி, பயிற்சி செய்தால் வடியும், ஜூன் மாதமே வந்திருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது என்றார். மற்றப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். பேச்சித்தாயின் பேரைக் கேட்டு ஒரு புதுச் சீட்டு எழுதி, அடுத்த அறைக்கு அனுப்பினார்.

பின்னால் அன்றைக்கும் நாலு பேர் நின்றார்கள். ஆவுடை நகரவில்லை. "சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். நான் நல்லாயிட்டவளா, நோயாளியா?"

சிஸ்டர் பேனாவை மூடினார். "தெரியலம்மா. தெரியலன்னுதான் வரச் சொல்லுதோம். தெரிஞ்சா என்னத்துக்கு வரச் சொல்லப் போறோம்?"

"அஞ்சு வருசம் கழிச்சு? தாளுக்குப் பின்னால ஒண்ணுமே எழுதலையே."

"தாள் தீந்துட்டுன்னா வா. வேற தாள் தாரேன்."

ஆவுடைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தெரியாது என்று ஒரு ஆள் சொன்னது அவளுக்கு ஏன் இவ்வளவு தெம்பாக இருந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று மூன்று மாதம் இருந்துவிட்டாள். வெளியே வந்து பார்த்தபோது கம்பி பேச்சித்தாய் போன அறை வாசலில், மஞ்சள் துணியோடு, உள்ளே பார்த்து நின்றது. ஆவுடை கூப்பிட்டாள். வரவில்லை. அவள் தன் தாளை மட்டும் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது பாலத்துக்கு இந்தப்புறம் தெருவே நின்றது. திரும்பிப் பார்த்தவளை எப்படி உள்ளே விடுவது, விடாமல் எப்படி இருப்பது என்று காலையிலிருந்து பேசிப் பேசி, மேளக்காரர்கூட வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தார். பேச்சித்தாய் பாலத்தின் நடுவில் வந்து நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. தப்பு நம்ம மேல. மூணு தண்ணியோட முடியுற நோவு இல்ல இது. இவளுக்குப் பதினாலு தண்ணி. இன்னைக்கித்தான் மொதத் தண்ணி ஆயிருக்கு. அது ஆஸ்பத்திரியிலதான் ஊத்துவாவ. பதினாலும் ஆவுற வரைக்கும் பேரச் சொல்லலாம், கேக்கலாம், ஒண்ணும் வராது. நான் சொல்லுதேன்."

அவள் சொன்னால் சரிதான். கூட்டம் மூச்சு விட்டது. ஒருத்தி மட்டும், "கம்பிய எங்க மதினி?" என்று கேட்டாள்.

பேச்சித்தாய் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "அது அங்கேயே நிக்கி. அதுக்கு இன்னும் வேல இருக்கு. எனக்குத் தொணைக்கு நிக்கணும்லா" என்றாள். அவள் என்ன சொன்னாள் என்று தெருவுக்குப் புரிய நேரம் ஆயிற்று. பிறகு பூக்காரி வந்து அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு, மெல்ல நடத்திக்கொண்டு போனாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

பாலத்தில் ஆவுடையும் நம்பிராசனும் நின்றார்கள். அவர் காலையில் வைத்த அடியிலேயே நிற்பதுபோல இருந்தது. துணி சுற்றிய கையைப் பார்த்தார். பிறகு அவள் இடது கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை வாங்கி, தாளை வெளியே எடுத்து, அந்தி வெளிச்சத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து முதல் கட்டத்திலிருந்து விரல் வைத்துப் படித்தார். அந்தத் தாளை அவர் படிப்பது அதுதான் முதல் முறை.

"ரெண்டாம் தண்ணி எப்போ?" என்று கேட்டார்.

அவள் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அக்டோபர் இருவத்தெட்டு" என்று அவர் சத்தமாக வாசித்தார். "அன்னைக்கி நான் லோடு எடுக்கல."